பார்சிலோனா பி அணியின் 2014–15 பருவம்

பார்சிலோனா பி அணியின் 2014–15 பருவம், ஸ்பெயின் கால்பந்தின் இரண்டாம் அடுக்கான செகுண்டா டிவிசியோனில் அந்த அணி இடைவிடாமல் ஆடிய ஐந்தாவது பருவமாகும். 42 ஆட்டங்களின் முடிவில் 22 அணிகளில் கடைசி இடம் பெற்று, மூன்றாம் அடுக்கான செகுண்டா டிவிசியோன் பி-க்கு அணி இறங்கியது. பருவத்தைத் தொடங்கிய பயிற்சியாளர் எவுசேபியோ சாக்ரிஸ்தான் 2015 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஜோர்டி வின்யால்ஸாலும் வீழ்ச்சியைத் தடுக்க முடியவில்லை. இதே பருவத்தில் பார்சிலோனாவின் முதல் அணி லா லீகா, கோபா டெல் ரே, சாம்பியன்ஸ் லீக் ஆகிய மூன்று கோப்பைகளையும் வென்றது. ஒரே கழகத்தின் இரண்டு அணிகள் ஒரே ஆண்டில் இவ்வளவு எதிரெதிர் திசைகளில் போனது எப்படி என்ற கேள்விதான் இந்தப் பருவத்தைப் புள்ளிவிவரப் பட்டியல்களுக்கு வெளியேயும் பேசவைக்கிறது.

ரிசர்வ் அணி என்னும் ஏற்பாடு

இங்கிலாந்தில் பெரிய கழகங்களின் ரிசர்வ் அணிகள் பெரும்பாலும் தங்களுக்கென்று உள்ள தனிப் போட்டிகளில்தான் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஸ்பெயினில் அவை பொதுவான லீக் அடுக்குகளிலேயே, சொந்த ஊரும் சொந்த ரசிகர்களும் கொண்ட கழகங்களுக்கு எதிராக ஆடுகின்றன. சில கட்டுப்பாடுகள் உண்டு. தாய் அணி இருக்கும் பிரிவில் ரிசர்வ் அணி இருக்கக் கூடாது. ஆகவே லா லீகாவில் தாய் அணி இருக்கும்வரை அங்கே ஏற முடியாது. 1990-களின் தொடக்கத்திலிருந்து கோபா டெல் ரேயில் பங்கேற்கவும் முடியாது.

இந்த விதிகள் சில விசித்திரங்களை உண்டாக்கியிருக்கின்றன. 1983–84-இல் ரியல் மாட்ரிட்டின் ரிசர்வ் அணியான காஸ்தியா இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றது. புத்ராகெனோ, மிச்செல், சான்சிஸ், மார்தின் வாஸ்கெஸ் என்று பின்னாளில் பெயர்பெற்ற தலைமுறை அது. இரண்டாம் இடம் அத்லெடிக் பில்பாவோவின் ரிசர்வ் அணிக்கு. இரண்டுக்கும் மேலே போக வழியில்லை. 2012-இல் நடந்தது இன்னும் கொடுமை. வியாரியல் முதல் அணி லா லீகாவிலிருந்து இறங்கியதால், இரண்டாம் பிரிவில் இருந்த வியாரியல் பி, களத்தில் அப்படியொரு தண்டனைக்குரிய தோல்வி எதுவும் காணாமலேயே மூன்றாம் அடுக்குக்குத் தள்ளப்பட்டது.

பார்சிலோனாவின் ரிசர்வ் அணிக்கும் இந்தச் சிக்கலில் பழைய அனுபவம் உண்டு. 1934-இல் லா எஸ்பான்யா இண்டஸ்ட்ரியல் என்னும் ஆலைக் கழகமாகத் தொடங்கிய அது, 1956-இல் முதல் பிரிவுக்கு ஏறுவதற்காகவே பார்சிலோனாவிடமிருந்து பிரிந்து, கொண்டால் என்ற பெயரில் 1956–57 பருவத்தை அங்கே ஆடி, உடனே இறங்கியது. 1970-இல் வேறொரு கழகத்துடன் இணைக்கப்பட்டு பார்சிலோனா அத்லெடிக் ஆனது. 1990-களில் பார்சிலோனா பி என்றானது. 2008-இல் பழைய பெயருக்கும் 2010-இல் மீண்டும் பி-க்கும் மாறியது. கழகத் தலைவர் மாறினால் இந்த அணியின் பெயர்ப் பலகையும் மாறக்கூடும் என்பதே அதன் நிலை.

முன்னுரை: இரண்டு மூன்றாம் இடங்கள்

2007–08-இல் அணி நான்காம் அடுக்கில் கிடந்தது. பயிற்சியாளராக முதல் வேலை பார்க்க வந்த பெப் குவார்டியோலா, பெத்ரோ, செர்கியோ புஸ்கெட்ஸ் முதலியோரை வைத்து அதை ஒரு படி ஏற்றினார். அவர் முதல் அணிக்குச் சென்றதும் பொறுப்பேற்ற லூயிஸ் என்ரிகே, 2010-இல் இரண்டாம் பிரிவுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே மூன்றாம் இடம். அந்த அணியின் முன்கள வீரர் ஜொனாத்தன் சொரியானோ 32 கோல்களுடன் பிரிவின் உச்ச கோல் வீரரானார். தியாகோ, மார்க் பார்த்ரா, மார்தின் மொந்தோயா, ஒரியோல் ரொமேயு, செர்ஜி ரொபெர்தோ எல்லாம் அக்காலத்து வீரர்கள். 2011-இல் லூயிஸ் என்ரிகே ரோமாவுக்குச் செல்ல, யோஹான் க்ரய்ஃபின் கனவு அணியில் நடுக்கள வீரராக இருந்த எவுசேபியோ வந்தார்.

எவுசேபியோவின் மூன்றாவது பருவமான 2013–14-இல் அணி மறுபடியும் மூன்றாம் இடத்தில் முடித்தது. சாதாரணக் கழகமாக இருந்தால் தரமுயர்வுக்கான பிளே-ஆஃப் ஆட்டங்கள் கிடைத்திருக்கும். ரிசர்வ் அணி என்பதால் அந்த இடம் கீழே நழுவி, ஏழாவதாக வந்த கோர்தோபாவுக்குப் பிளே-ஆஃப் வாய்ப்புத் தந்தது. கோர்தோபா அதைப் பிடித்துக்கொண்டது. இறுதிச் சுற்றில் லாஸ் பால்மாஸ் மைதானத்தில், பார்வையாளர்கள் களத்துக்குள் இறங்கியதால் ஆட்டம் தடைபட்டு மீண்டும் தொடங்கிய பின், கூடுதல் நிமிடங்களில் கோல் போட்டு, 42 ஆண்டுகளுக்குப் பிறகு லா லீகாவுக்கு ஏறியது. அடுத்த பருவத்தில் கோர்தோபா லா லீகாவில் 20 புள்ளிகளோடு கடைசி, பார்சிலோனா பி இரண்டாம் பிரிவில் கடைசி. 2015 மே மாதம் பார்சிலோனா முதல் அணி கோர்தோபாவை அதன் சொந்த மைதானத்திலேயே 8–0 என்று வென்றது.

மூன்றாம் இடம் என்பது ரிசர்வ் அணிக்குப் பெருமைதான், ஆனால் கையில் எதையும் தராத பெருமை. நன்றாக ஆடிய பையன்களை அடுத்த கோடையில் யாராவது அழைத்துப்போய்விடுவார்கள் என்பது மட்டும் உறுதி.

2014 கோடை

அப்படியே ஆயிற்று. நடுக்கள வீரர் டெனிஸ் சுவாரெஸ், இவான் ராகிடிச்சை வாங்கிய பேரத்தின் பகுதியாக செவியாவுக்குக் கடனாகப் போனார். தற்காப்பு வீரர்கள் செர்ஜி கோமெஸும் கார்லெஸ் பிளானாஸும் செல்டா விகோவுக்குப் போனார்கள். கோல்கீப்பர் ஜோர்டி மாசிப் முதல் அணியின் மூன்றாவது கோல்கீப்பராக உயர்த்தப்பட்டார். ஓர் அணியின் கோல் கம்பத்தையும் தற்காப்பையும் நடுக்களத்தையும் ஒரே கோடையில் கழற்றியது போன்ற மாற்றம் இது.

ஈடாக வந்தவர்களில் பெயர் பெரியது அலென் ஹலிலோவிச். டினாமோ சாக்ரெபிலிருந்து வந்த 18 வயதுக் குரோவேஷியர், இடதுகால் வித்தகர். வரும்போதே அவரை ‘அடுத்த மெஸ்ஸி’ வரிசையில் பத்திரிகைகள் உட்கார வைத்துவிட்டன. உள்ளே ஏற்கெனவே திறமைக்குப் பஞ்சமில்லை. இடதுபுறத் தற்காப்பில் 15 வயதிலேயே பி அணிக்கு ஆடத் தொடங்கிய அலெஹாந்த்ரோ கிரிமால்தோ, நடுக்களத்தில் செர்ஜி சாம்பர், பக்கவாட்டில் மின்னல் வேகத்து அதாமா த்ராவோரே, முன்களத்தில் கேமரூனின் ஜான் மரி டோங்கு, சாந்த்ரோ ராமிரெஸ், முனீர் எல் ஹத்தாதி. முனீர் அந்த ஏப்ரலில்தான் ஐரோப்பிய இளையோர் லீகின் இறுதி ஆட்டத்தில் பென்ஃபிகாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டிருந்தார். 3–0 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் ஒன்று ஏறக்குறைய மைதானத்தின் நடுவிலிருந்து அடித்தது.

திறமை இருந்தது. 30 வயது தாண்டிய, தோற்கும்போது ஆட்டத்தை மந்தப்படுத்தத் தெரிந்த ஆள்தான் இல்லை.

கடித்த வாயும் அதன் விளைவும்

அந்தக் கோடையில் பார்சிலோனா லூயிஸ் சுவாரெஸை லிவர்பூலிடமிருந்து வாங்கியது. பிரேசில் உலகக் கோப்பையில் இத்தாலியின் கியெல்லினியைக் கடித்ததற்காக அவருக்கு நான்கு மாதத் தடை இருந்தது. அக்டோபர் 25 வரை போட்டி ஆட்டம் எதிலும் இறங்க முடியாது. மேல்முறையீட்டில் பயிற்சிக்கும் நட்பு ஆட்டங்களுக்கும் மட்டுமே அனுமதி கிடைத்தது. அவர் ஆட்டப் பழக்கம் பெறுவதற்காக செப்டம்பரில் பி அணி வீரர்களோடு சேர்ந்து இந்தோனேசியாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கு எதிராகக்கூட ஆடினார்.

முதல் அணிக்கு அதற்குள் பயிற்சியாளராகத் திரும்பி வந்திருந்தவர் லூயிஸ் என்ரிகே. பி அணியை இரண்டாம் பிரிவுக்கு ஏற்றிய அதே ஆள். முன்களத்தில் இருந்த இடைவெளியை அவர் பி அணியைக் கொண்டு நிரப்பினார். ஆகஸ்ட் 24-இல் எல்சேக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே முனீர் இறங்கிக் கோல் போட்டார். ஒரு வாரம் கழித்து வியாரியலில் மாற்று வீரராக வந்த சாந்த்ரோ ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். செப்டம்பர் 8-இல் முனீர் ஸ்பெயின் தேசிய அணிக்காக மாசிடோனியாவுக்கு எதிராக ஆடினார். செப்டம்பர் 17-இல் சாம்பர் சாம்பியன்ஸ் லீகில் அபோயெல் அணிக்கு எதிராக அறிமுகமானார். டிசம்பரில் கோபா ஆட்டத்தில் ஹுவெஸ்காவை 8–1 என்று வென்றபோது அதாமாவும் கோல் பட்டியலில் சேர்ந்தார்.

கழகத்தின் கணக்கில் இவையெல்லாம் வரவு. பி அணியின் கணக்கில் அப்படி இல்லை. வார நடுவில் மேலே பயிற்சி, வார இறுதியில் மேலே உட்காருவதா கீழே ஆடுவதா என்ற நிச்சயமின்மை, சுவாரெஸ் வந்தபின் மேலே இடமும் குறைந்து கீழே மனமும் ஒட்டாத நிலை. இரண்டு படிகளுக்கு நடுவே நிற்கும் 19 வயதுப் பையனிடம், சோரியாவில் குளிரடிக்கும் நுமான்சியா மைதானத்தில் ஒரு புள்ளிக்காக உயிரைக் கொடு என்று கேட்பது எளிதல்ல.

பருவத்தின் போக்கு

2014–15-இல் இரண்டாம் பிரிவில் இருந்த ஒரே ரிசர்வ் அணி பார்சிலோனா பி. எதிரே ரியல் பெத்திஸ், ஸ்போர்டிங் கிஹோன், சரகோசா, வயதோலித் போன்ற பெரிய ஊர் அணிகள். 33 வயதான பெத்திஸ் முன்கள வீரர் ரூபன் காஸ்ட்ரோ அந்தப் பருவம் முழுவதும் கோல்களாகக் குவித்து, அணியை முதலிடத்தில் ஏற்றினார். மறுபக்கம், ஜிரோனா மாகாணத்துச் சிற்றூரான யகோஸ்தெராவின் கழகம் முதன்முறையாக இந்தப் பிரிவுக்கு வந்து, அனுபவசாலிகளை வைத்து வசதியாகத் தப்பித்தது. உலகின் மிகப் பணக்காரக் கழகங்களில் ஒன்றின் இரண்டாம் அணி, அதே கத்தலோனியாவின் ஒரு சிற்றூரிடம் பட்டியலில் பின்தங்கியது.

ஆட்டமுறை மாறவில்லை. 4-3-3 அமைப்பு, கோல்கீப்பரிலிருந்தே பந்தைக் கட்டி எடுத்துவருவது, பந்து எப்போதும் தங்கள் காலில் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். லா மாசியா பயிற்சிக்கூடத்தில் எட்டு வயதிலிருந்து ஊட்டப்படும் பாடம் இது. வெற்றி வரிசையில் இருக்கும்போது இதே ஆட்டம் கண்ணுக்கு விருந்து. தற்காப்பில் தவறு கூடி, ஒரு கோலில் முன்னிலை வகித்து அதைக் காக்கத் தெரியாமல் திணறும்போது, எதிரணி இரண்டு நீளப் பந்துகளில் முடித்துவிடும். பழைய ஆட்டமுறையை விட்டுக் கொடுத்துப் புள்ளி சேர்க்கலாமா என்ற கேள்விக்கு ரிசர்வ் அணியில் நேர்மையான விடை கிடையாது. வீரர்களை வளர்ப்பதுதான் வேலை என்றால் முறையை மாற்றக் கூடாது. பிரிவில் நிற்பதும் வேலை என்றால் மாற்றத்தான் வேண்டும். எவுசேபியோ மாற்றவில்லை.

தோல்விகள் அடுக்கடுக்காக வந்தபின் 2015 பிப்ரவரியில் அவரை நீக்கினார்கள். நான்காவது பருவத்தின் நடுவில் இது நடந்தது. முந்தைய பருவத்தில் மூன்றாம் இடம் பெற்றுத்தந்தவர் அவர். அவருக்குப் பதில், இளையோர் லீகை வென்ற பையன்களின் பயிற்சியாளரான வின்யால்ஸ் நியமிக்கப்பட்டார். கால்பந்தில் புதுப் பயிற்சியாளர் வந்தால் சில வாரங்கள் ஒரு எழுச்சி வரும் என்று சொல்வார்கள். நிலைக்கும்படியான எழுச்சி இங்கே வரவில்லை.

ஜூன் 7 அன்று பருவம் முடிந்தபோது பார்சிலோனா பி-யோடு இறங்கியவை சபாடெல், ராசிங் சாந்தாந்தேர், ஸ்பெயினின் மிகப் பழைய கழகமான ரெக்ரெயாதிவோ தெ ஹுவெல்வா. கடைசி நாள் பரபரப்பில் ஒசாசுனாவும் இருந்தது. சபாடெல்லில் 2–2 என்று சமன்செய்து நூலிழையில் தப்பியது. பார்சிலோனா பி-யின் தலையெழுத்து அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. முந்தைய நாள், ஜூன் 6 அன்று, பெர்லினில் யுவெந்துஸை 3–1 என்று வென்று முதல் அணி சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது. அந்த வாரத்துப் பத்திரிகைகளில் பி அணிக்கு எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

பதிவுத் தடை

இந்தப் பருவத்தைப் பற்றிய விவாதங்களில் பலரும் தாண்டிப்போகும் காரணம் ஒன்று உண்டு. 2009-க்கும் 2013-க்கும் இடையில் 18 வயது நிரம்பாத வெளிநாட்டு வீரர்களை விதிக்குப் புறம்பாகச் சேர்த்ததற்காக, 2014 ஏப்ரலில் ஃபிஃபா பார்சிலோனாவுக்கு இரண்டு பரிமாற்றக் காலங்களுக்குத் தடை விதித்தது. மேல்முறையீட்டால் அந்தக் கோடையில் தடை நிறுத்திவைக்கப்பட்டது. சுவாரெஸ், ராகிடிச், தெர் ஸ்டேகன் எல்லாம் அந்த இடைவெளியில்தான் வந்தார்கள். டிசம்பர் 30-இல் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் தடையை உறுதிசெய்தது. 2015 ஜனவரியிலும் அந்த ஆண்டுக் கோடையிலும் புதிய வீரர் எவரையும் பதிவுசெய்ய முடியாமல் போனது. ஆறு நாள் கழித்து விளையாட்டு இயக்குநர் அந்தோனி சுபிசரேத்தா பதவி நீக்கப்பட்டார்.

முதல் அணிக்கு ஜனவரியில் ஆள் தேவைப்படவில்லை. மெஸ்ஸி, சுவாரெஸ், நெய்மர் மூவரும் அப்போதுதான் சூடுபிடித்திருந்தார்கள். ஜனவரியில் அவசரமாக இரண்டு அனுபவசாலிகள் தேவைப்பட்டது பி அணிக்கு. தற்காப்பில் ஒருவர், நடுக்களத்தில் ஒருவர். கீழிறங்கும் பயத்திலிருக்கும் எந்தக் கழகமும் அந்த மாதத்தில் செய்யும் வேலை அது. தடை கழகம் முழுமைக்கும் பொருந்தியதால் கதவு சாத்தப்பட்டிருந்தது. பையன்களைச் சேர்த்த தவறுக்கான தண்டனையின் முதல் அடி, கழகத்தின் பையன்கள் மீதே விழுந்தது. தென்கொரியாவின் லீ சுங்-வூ, பைக் சுங்-ஹோ போன்ற இளையோர் அணி வீரர்கள் 18 வயது வரும்வரை போட்டி ஆட்டங்களில் இறங்க முடியாமல் நின்றதும் இதே விவகாரத்தில்தான்.

மூன்று கோப்பைகளுக்கான விலையாகத்தான் பி அணி இறங்கியது என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முழு உண்மை ஆகாது. முனீரும் சாந்த்ரோவும் மேலே ஆடியது பெரும்பாலும் பருவத்தின் முன்பாதியில். அணி உருக்குலைந்தது பின்பாதியில். கோடையில் போனவர்களுக்குச் சரியான ஈடு தேடாததும், ஜனவரியில் தேட முடியாமல் போனதும் அதைவிடக் கனமான காரணங்கள். இவை இரண்டுமே களத்தில் இருந்த பையன்கள் எடுத்த முடிவுகள் அல்ல.

பிற ரிசர்வ் அணிகளின் வீழ்ச்சிகள்

ஓராண்டுக்கு முன்புதான், 2013–14-இல், காஸ்தியா 20-ஆம் இடத்தில் முடித்து இதே பிரிவிலிருந்து இறங்கியிருந்தது. பயிற்சியாளர் அல்பெர்தோ தொரில் அந்தப் பருவத்தின் நவம்பரிலேயே நீக்கப்பட்டார். அந்த மே மாதம்தான் ரியல் மாட்ரிட் முதல் அணி லிஸ்பனில் பத்தாவது ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 2015–16-இல் அத்லெடிக் பில்பாவோவின் ரிசர்வ் அணி 19 ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் பிரிவுக்கு வந்து, கடைசி இடத்தில் முடித்து ஒரே பருவத்தில் திரும்பியது. 2022-இல் ரியல் சொசியேதாத் பி இறங்கியபோது அதன் பயிற்சியாளர் சாபி அலோன்சோ.

ஜெர்மனியில் ரிசர்வ் அணிகள் மூன்றாம் லீகுக்கு மேல் ஏற முடியாது. பயர்ன் மியூனிக் இரண்டாம் அணி 2019–20-இல் அந்த லீகை வென்றது. மறு ஆண்டே அதிலிருந்து இறங்கியது. உச்சத்தில் முடித்த ரிசர்வ் அணி அடுத்த பருவம் சரிவது தற்செயல் அல்ல. நல்ல பருவம்தான் அணியைக் கலைத்துவிடுகிறது.

வீரர்களும் பயிற்சியாளரும்

கடைசி இடம் பிடித்த இந்த அணியின் வீரர்கள் பின்னாளில் போன தூரம் ஒன்றுக்கொன்று ஒட்டாதது. அதாமா 2015 ஆகஸ்டில் ஆஸ்டன் வில்லாவுக்குப் போய், பிறகு உல்வர்ஹாம்ப்டனில் பெயரெடுத்து, 2022-இல் கடனாக பார்சிலோனாவுக்கே வந்தார். தற்காப்பு வீரர் பட்ரிக் லாத்சியோவில் நீண்டகாலம் நிலைத்தார். ஹலிலோவிச் ஸ்போர்டிங் கிஹோனுக்குக் கடனாகப் போய், பின் நாடு நாடாக அலைந்தார். சாம்பர் காயங்களில் காலம் கழித்து ஜப்பானின் விஸ்ஸெல் கோபேக்குச் சென்றார். ஸ்பெயினுக்காக ஆடிய சில நிமிடங்கள் முனீரைப் பல ஆண்டுகள் மொராக்கோவுக்கு ஆட விடாமல் தடுத்தன. விதி மாறியபின் 2021-இல்தான் அவர் மொராக்கோ சட்டையை அணிந்தார்.

எல்லோரையும் தாண்டிப்போனவர் கிரிமால்தோ. முதல் அணியில் ஒரு போட்டி ஆட்டம்கூடக் கிடைக்காமல், 2016 தொடக்கத்தில் சொற்பத் தொகைக்கு பென்ஃபிகாவுக்குப் போனார். 2023-இல் லெவர்குசனில் சேர்ந்து, தோல்வியே காணாமல் புண்டெஸ்லீகாவை வென்ற அணியின் தூண்களில் ஒருவரானார். அங்கே அவருடைய பயிற்சியாளரும் ஒரு ரிசர்வ் அணியோடு இரண்டாம் பிரிவிலிருந்து இறங்கியவர்தான், சாபி அலோன்சோ. 2024-இல் யூரோ கோப்பை வென்ற ஸ்பெயின் அணியிலும் கிரிமால்தோ இருந்தார்.

எவுசேபியோ அதே 2015 நவம்பரில் ரியல் சொசியேதாத் முதல் அணிக்குப் பயிற்சியாளரானார். அடுத்த ஏப்ரலில் அவருடைய அணி லூயிஸ் என்ரிகேயின் பார்சிலோனாவை 1–0 என்று தோற்கடித்தது.

பின்னர்

2015 கோடையில் முன்னாள் நடுக்கள வீரர் ஜெரார்த் லோபெஸ் பி அணிப் பொறுப்பேற்றார். இரண்டு பருவங்கள் மூன்றாம் அடுக்கில் கழிந்தன. 2017-இல் ராசிங் சாந்தாந்தேரை வென்று மேலே வந்து, 2018-இல் செவியாவின் ரிசர்வ் அணியோடு சேர்ந்து மறுபடி இறங்கியது. அதற்குப் பிறகு இரண்டாம் பிரிவை அது பார்க்கவில்லை. 1982-இல் திறக்கப்பட்டு 15,000 பேருக்குமேல் உட்காரக்கூடியதாக, பி அணி ஆட்டங்களில் பெரும்பாலும் காலியாகவே கிடந்த மினி எஸ்தாதி 2019-இல் இடிக்கப்பட்டது. அணி 6,000 இருக்கைகள் கொண்ட யோஹான் க்ரய்ஃப் மைதானத்துக்கு மாறியது. 2022-இல் பார்சா அத்லெடிக் என்று பெயரும் மாறியது.

2024 ஜூனில் இரண்டாம் பிரிவுக்கு ஏறும் இறுதி பிளே-ஆஃபில் அதைத் தோற்கடித்து மேலே போன அணி கோர்தோபா. மறு பருவத்தில், ஹன்சி ஃப்ளிக்கின் முதல் அணி லா லீகா, கோபா, சூப்பர் கோப்பை மூன்றையும் வென்றது. மார்க் கசாதோ, ஜெரார்த் மார்தின் போன்று ரிசர்வ் அணியின் முதுகெலும்பாக இருந்தவர்கள் அதற்குள் மேலே போயிருந்தார்கள். ரிசர்வ் அணி 2025 மே மாதம் நான்காம் அடுக்குக்கு இறங்கியது.